தண்டமும் ஈடும்

ஆரூர்த் தேர்வீதியில் அரசிளங்குமரன் ஊர்ந்த தேர்க்காலில் ஆன்கன்று ஒன்று அகப்பட்டு இறந்த வரலாற்றைத் தமிழர் யாவரும் அறிவர். சிலப்பதிகாரம் இதனைக் கண்ணகி வாயிலாகச் சுருங்கக் கூறும். சேக்கிழார் பெருமான் விரித்துரைப்பார். பசு ஆராய்ச்சி மணியை அடித்தது. மன்னன் தன் ஒரே மகனைத் தேர்க்காலில் இட்டான். ஆயினும் மகன் இறந்ததனால் பசுவின் இழப்பு நீங்கிவிடவில்லை. இறைவன் அருளால் கன்று உயிர்பெற்று எழுந்த பின்னரே அதன் துயர் தீர்ந்தது என்பது புராணம். மக்கள் நடத்தும் நீதிமன்றத்தில் அவ்வாறு நிகழ இயலாது. ஆகவே, தவறு செய்தவனைத் தண்டிப்பது ஒன்று. இழந்தவர்க்கு ஈடு செய்வது மற்றொன்று.

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் குடும்பங்கள் உரிமை இழக்க நேரிடுகின்றது. சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரங்களில் பால்மரக் காட்டிற்கும் செம்பனைக் காட்டிற்கும் செல்வோர், நீலாய், செனாவாங் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் பிள்ளைகள் ஆகிய பலர்க்கும் மோட்டார் சைக்கிளே ஊர்தி. மோதிய லாரியோட்டிக்கு மாஜிஸ்திரேட் அபராதம் விதித்தால் அத்தொகை அரசாங்கத்திற்கே சேரும்; அடிபட்டவன் வீட்டிற்கு ஒரு காசும் வாராது. ஈடு வேண்டின், தனியே உரிமை வழக்குத் தொடுத்தல் வேண்டும். சாலை விபத்து வழக்குகளில் எவ்வளவு பெரிய தொகையாயினும் செஷன்ஸ் நீதிமன்றமே விசாரித்துத் தீர்ப்பளிக்கலாம்.

இவ்வுரிமை எளிதில் கிடைத்ததன்று. 1808இல் இங்கிலாந்தில் குதிரை வண்டி கவிழ்ந்து மனைவியை இழந்த ஒருவர் தொடுத்த வழக்கில், ஒருவருடைய மரணத்தை இழப்பாகக் கொண்டு பிறர் ஈடு கேட்டல் இயலாது என்று நீதிபதி கூறினார். காலை இழந்தவன் ஈடு பெறலாம். உயிரை இழந்தவன் குடும்பம் பெறலாகாது என்னும் விந்தை நிலை இது. இருப்புப்பாதை விபத்துகள் பெருகிய காலத்தில், 1846இல்தான் பிரிட்டிஷ் பாராளுமன்றம் இதனை மாற்றியது. மலேசியாவில் 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம், ஏழாம் பிரிவில், இறந்தவரை நம்பி வாழ்ந்த கணவன் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோர்க்கு இவ்வுரிமையை வழங்குகின்றது.

ஈட்டினைக் கணக்கிடும் முறையையும் சட்டமே வகுத்துள்ளது. இறந்தவர் அறுபது வயதிற்கு உட்பட்டவராகவும், வருவாய் ஈட்டி வந்தவராகவும் இருத்தல் வேண்டும். முப்பது வயது வரை பெருக்கும் எண் 16. அதற்கு மேற்பட்டோர்க்கு அறுபதில் வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். நாற்பது வயதுத் தந்தை, தம் செலவு போக, மாதம் 1,000 வெள்ளி குடும்பத்திற்கு அளித்து வந்தார் எனக் கொள்வோம். அறுபதில் நாற்பது போக இருபது, அதிற்பாதி பத்து. ஆண்டிற்கு 12,000 வீதம் பத்தாண்டிற்கு 1,20,000 வெள்ளி. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு முன் கழிக்கும் எண் 55 ஆகையால், இதே குடும்பம் 90,000 வெள்ளியே பெற்றிருக்கும். அத்திருத்தமே துயர்க்கென அளிக்கும் தொகையையும் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 ஆக உயர்த்தியது.

இத்தொகையைப் பெரும்பாலும் காப்புறுதி நிறுவனமே செலுத்தும். சாலையில் ஓடும் ஒவ்வோர் ஊர்தியும் மூன்றாம் தரப்பினர்க்கான காப்புறுதி பெற்றிருத்தல் வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம். ஆயினும், பின்னிருக்கையில் செல்லும் சாதாரணப் பயணியையும் அதில் சேர்த்தாக வேண்டும் என்று அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆதலின், நண்பன் வண்டியில் ஏறிச் சென்று, நண்பன் தவற்றாலேயே அடிபட்டவன் காப்புறுதிப் பணம் பெறாது போகலாம். மோதிய மற்றோர் ஊர்தியின்மீது தவறு இருப்பின் அவன் உரிமைக்குக் குறைவில்லை.

பிறர் தவற்றை மெய்ப்பித்தாலன்றி வழக்கு நிற்காது. அடிபட்டவர் தவறும் கலந்திருப்பின் அந்த அளவிற்குத் தொகை குறையும். தலைக்கவசம் அணியாமையால் தலைக்காயம் மிகுந்தது எனினும் அவ்வாறே. தலைக்கவசம் அணிவது 1973 முதல் சட்டக் கடமை என்பதை மாணவர்க்கு உணர்த்துதல் நலம்.

தவறு யாருடையது என்று வினவாத வழியும் ஒன்று உண்டு. அதுவே சொக்சோ. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டிற்கும் வேலையிடத்திற்கும் இடைப்பட்ட வழியில் நேரும் விபத்து, வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ளப்படும். மண்சடக்கில் தானே சறுக்கி விழுந்தவர்க்கும் இது பொருந்தும். இடையில் வழிவிலகிச் சென்றிருந்தால் பொருந்தாது. சொக்சோ உதவி பெற்ற காரணத்தால், மோதிய அயலார்மீது வழக்குத் தொடுக்கும் உரிமை அற்றுப்போவதில்லை.

இனிக் காலமும் சான்றும். விபத்தில் பட்ட ஊர்தியோட்டி 24 மணி நேரத்திற்குள் போலீஸில் புகார் செய்தல் வேண்டும். உயிரிழப்புக்கான ஏழாம் பிரிவு வழக்கிற்கு மூன்றாண்டும், காயத்திற்கான வழக்கிற்கு ஆறாண்டும் காலவரையறை. போலீஸ் அறிக்கை, சம்பவ இட வரைபடம், மருத்துவ அறிக்கை, சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துக. சம்பளச் சீட்டை எறிந்துவிட்டால் வருவாயை மெய்ப்பித்தல் அரிது.

துயர் ஆறுமுன் வீட்டிற்கு வரும் தரகர் நீட்டும் வெற்றுத்தாளில் கையொப்பமிடலாகாது. "முழுத் தீர்வு" என்று எழுதிய தாளில் சில நூறு வெள்ளிக்குக் கையெழுத்திட்டால், பின்னர் வழக்கிற்கு இடமில்லாது போகலாம். அத்தாள் மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். அதனைத் தாய்க்குப் படித்துப் பொருள் கூறவல்ல பிள்ளையை உருவாக்குவதும் தோட்டப் பள்ளியின் பணியே. ஆரூர்ப் பசுவிற்கு இழுத்தடிக்க மணி ஒன்று இருந்தது. தோட்டத் தாய்க்கு எழுத்தறிந்த அப்பிள்ளையே ஆராய்ச்சி மணியாவான்.