கிடங்குச் சாவி யாரிடம்?

நம் கடைகளில் பில் போடுவதும், இருப்புப் பார்ப்பதும், ஜி.எஸ்.டி. கணக்குக் கொடுப்பதும் கம்ப்யூட்டருக்கு மாறிவிட்டன. பேரேட்டைக் கரையான் அரிக்குமோ என்று பயந்த நாம், இப்போது வைரசுக்குப் பயப்படுகிறோம். சில கம்ப்யூட்டர்களில் வைரஸ் அடிக்கடி புகுவதும், சிலவற்றில் அபூர்வமாக இருப்பதும் ஏன் என்பதை வணிகர்களாகிய நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். எல்லாம் சாவி யாரிடம் என்பதைப் பொறுத்தது.

வைரஸும் ஒரு புரோகிராம்தான். அதை இயக்கியவருக்கு எவ்வளவு அதிகாரம் உண்டோ, பெரும்பாலும் அவ்வளவே அதற்கும் உண்டு. கடைப் பையனை ஏமாற்றியவன் கல்லாவைத் தொடலாம். கிடங்குச் சாவி முதலாளி மடியில் இருந்தால் கிடங்கைத் திறக்க முடியாது.

கம்ப்யூட்டரை நடத்தும் அடிப்படைப் புரோகிராமை ஆபரேட்டிங் சிஸ்டம் என்கிறோம். 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய யுனிக்ஸ், ஒரே இயந்திரத்தில் பலர் வேலை செய்யும்படி வளர்ந்தது. ஆகவே ஆளுக்கொரு கணக்கு, எல்லோருக்கும் மேலே ஒரு நிர்வாகி என்று அதிகாரம் பிரிக்கப்பட்டது. 1991இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அதே வழியைப் பின்பற்றியது. 1981இல் ஐ.பி.எம். பி.சி.யுடன் வந்த டாஸ், ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரே ஆள் என்ற எண்ணத்தில் செய்யப்பட்டது. அதில் பூட்டே கிடையாது. விண்டோஸ் 95, 98 ஆகியவை அந்த வழியில் வந்தவை.

இதற்கு நல்ல உதாரணம் உண்டு. தைவானில் எழுதப்பட்ட சி.ஐ.ஹெச். என்ற வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று பல நாடுகளில் ஹார்டு டிஸ்க் விவரங்களை அழித்தது. சில கம்ப்யூட்டர்களில் பயாஸ் சிப்பையே கெடுத்ததால் அவை ஆன் ஆகவில்லை. அடிபட்டவை விண்டோஸ் 95, 98 வகைகள். அதே மைக்ரோசாப்ட் நிறுவனம் செய்த விண்டோஸ் என்.டி.யில் அந்த வைரஸ் பலிக்கவில்லை. அதில் உள்ளறைக்குப் பூட்டு இருந்தது.

வேறு காரணங்களும் உண்டு. லினக்ஸில் புரோகிராம்கள் பெரும்பாலும் தெரிந்த களஞ்சியத்திலிருந்து, முத்திரை சரிபார்க்கப்பட்டு வருகின்றன. நம்பிக்கையான மண்டியில் சரக்கு எடுப்பது போல. மேலும், மேஜைக் கம்ப்யூட்டர்களில் விண்டோஸே அதிகம். கூட்டமுள்ள சந்தைக்குத்தானே திருடன் வருவான்!

ஆனால் எந்த சிஸ்டமும் முழுப் பாதுகாப்புத் தராது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற வைரஸ், விண்டோசில் இருந்த ஓட்டை வழியாக, யாரும் எதையும் திறக்காமலே பரவியது. கோப்புகளைப் பூட்டிவைத்து 300 டாலர் கேட்டது. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வெளிவந்திருந்தது. அதைப் போடாதவர்களே சிக்கினார்கள். இன்னொன்று: சாதாரணக் கணக்கில் புகுந்த வைரஸ் சிஸ்டத்தைத் தொடாவிட்டாலும், அந்தக் கணக்கில் உள்ள நம் பேரேட்டைக் கெடுக்கலாம். நமக்கு உயிர் அந்தப் பேரேடுதான். யார் எவ்வளவு பாக்கி என்பதை வேறு எங்கே போய்ப் பார்ப்போம்?

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. பில் போடும் ஊழியருக்குச் சாதாரணக் கணக்கு மட்டும் கொடுப்போம். நிர்வாகி பாஸ்வேர்டு முதலாளியிடம் இருக்கட்டும். முதலாளியும் அன்றாட வேலையைச் சாதாரணக் கணக்கிலேயே செய்யட்டும்.

2. திருத்தங்களைத் தள்ளிப்போட வேண்டாம். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரிலும் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது.

3. திருட்டுப் பிரதி மென்பொருளைக் கடைக்குள் விடவேண்டாம்.

4. தினமும் கடை சாத்துமுன் கணக்கைத் தனி டிஸ்கில் பிரதி எடுத்து, டிஸ்கைக் கழற்றி வைப்போம். இணைப்பிலேயே விட்டால் அதுவும் சேர்ந்து போகும்.

இவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் செலவு கிடையாது. கடைப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறோம். இதையும் அந்தப் பழக்கத்தோடு சேர்த்துக்கொள்வோம்.