எண்ணெய் மேலே வரட்டும்

நைஜீரியாவில் பல வீடுகளில் ஞாயிற்றுக்கிழமை என்றால் சோறும் சிவப்புக் குழம்பும்தான். யொருபா மக்கள் அந்தக் குழம்பை ஒபே அட்டா என்பார்கள். தக்காளி, சிவப்புக் குடைமிளகாய், வெங்காயம், ஸ்காட்ச் பானெட் என்கிற குண்டு மிளகாய், இந்த நான்கையும் அரைத்து வைப்பது. புளி, தேங்காய், மல்லித்தூள் எதுவும் கிடையாது. இவ்வளவுதானா என்று நினைத்து, அரைத்ததைக் காய்ந்த எண்ணெயில் ஊற்றிக் கால் மணி நேரத்தில் இறக்கினால் பச்சை வாடையும் புளிப்பும்தான் மிஞ்சும். உடனே மிளகாய் போதவில்லையோ என்று தோன்றும். மிளகாய் போதும், தண்ணீர்தான் இன்னும் போகவில்லை.

அரைத்த விழுதில் பெரும்பகுதி தண்ணீர். அது இருக்கும்வரை விழுதின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. எவ்வளவு எண்ணெய் விட்டாலும் விழுது வேகுமே தவிர வதங்காது. அதனால் முதலில் எண்ணெயே இல்லாமல் அகலமான பாத்திரத்தில் விழுதை மட்டும் கொதிக்கவிட வேண்டும். ஆரம்பத்தில் நுரை கட்டி எழும். பிறகு அடங்கி, பொத் பொத்தென்று தெறிக்கும். அந்த நேரம் கையைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் நடுவே ஒரு கோடு இழுத்தால், கோடு மூடாமல் நிற்க வேண்டும். அரை மணி நேரமாவது ஆகும்.

அடுத்ததுதான் வதக்கல். தாராளமாக ஒரு கப் எண்ணெய் காயட்டும். நறுக்கிய வெங்காயம் பொன்னிறமானதும் விழுதைப் போட்டு, மிதமான தீயில் கிளறிக்கொண்டே இருங்கள். ஆரஞ்சாக இருந்த நிறம் அடர்சிவப்பாகும். புளிப்பு மறைந்து லேசான இனிப்பு தட்டும். எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். நம் தக்காளித் தொக்குக்குப் பார்க்கிற அதே பதம். எண்ணெய் அதிகமென்று தோன்றினால் கடைசியில் வழித்து எடுத்துவிடலாம், முதலிலேயே குறைத்தால் விழுது அடிப்பிடிக்கும்.

அளவு சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ ஆட்டுக்கறிக்கோ கோழிக்கோ 6 தக்காளி, 3 குடைமிளகாய், 2 பெரிய வெங்காயம், 2 குண்டு மிளகாய். வெங்காயத்தில் ஒன்று அரைக்க, ஒன்று நறுக்க. பெங்களூர் தக்காளியாக வாங்குங்கள். நாட்டுத் தக்காளியில் சாறும் புளிப்பும் கூடுதல். அடுப்படியில் நிற்கிற நேரம்தான் நீளும்.

குண்டு மிளகாயில் காரம் மட்டுமல்ல, பழுத்த பழத்தின் வாசனையும் உண்டு. காய்ந்த மிளகாயில் அது வராது. ஹபனேரோ கிடைத்தால் சரி. இலங்கையில் இருப்பவர்களுக்குக் கவலையே இல்லை, அங்கே விற்கும் நை மிரிஸ் இதே இனம். எதுவும் அகப்படாவிட்டால் செடியில் பழுத்த சிவப்பு மிளகாய் போடலாம். காரம் வரும், அந்த வாசனை வராது. விதையை உதறிவிட்டால் காரம் போய்விடும் என்று நம்ப வேண்டாம், அது விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில் இருக்கிறது. வதக்கும்போது ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் வீடே இருமும்.

கறியைத் தனியாக வேகவைப்பார்கள். வெங்காயம், உப்பு, உலர்ந்த தைம் இலை, கொஞ்சம் கறிப்பவுடர். ஆமாம், கறிப்பவுடரேதான், பிரிட்டிஷ்காரர்கள் வழியாக அங்கே போய்ச் சேர்ந்து, இன்று நைஜீரிய அலமாரிகளில் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அதற்காக நம் வீட்டுக் கறிமசாலாவை அள்ளிப் போடாதீர்கள். பட்டையும் சோம்பும் மணந்தால் குழம்பு ஊர் மாறிவிடும். வெந்த கறியை எண்ணெயில் முறுகப் பொரித்தெடுத்து, வேகவைத்த தண்ணீரோடு வதக்கிய விழுதில் சேர்த்து, பத்து நிமிடம் சிம்மில் வைத்தால் போதும்.

எப்படியும் அடுப்படியில் நிற்கத்தான் போகிறீர்கள், விழுதை இரண்டு மடங்காக அரைத்துச் சுண்டவைத்து, பாதியை ஃப்ரீசரில் போட்டு வையுங்கள். நைஜீரியாவில் ஜொல்லாஃப் என்கிற சோற்று வகைக்கும் அதே விழுதுதான் அடிப்படை.