கேஸ் இருந்தால் வேலை கிடையாதா?

பெங்களூரு பிரேசர் டவுனில், கோல்ஸ் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் செய்துதரும் கடை வைத்திருக்கிறேன். பான் கார்டு, பாஸ்போர்ட், கரண்ட் பில் எல்லாம் வரும். ஆனால் சில வருஷங்களாகக் கடை ஓடுவது போலீஸ் வெரிஃபிகேஷனால்தான். டாக்ஸி ஓட்டவும், பார்சல் கொடுக்கவும், ஸ்கூல் வேனில் ஏறவும், ஐ.டி. கம்பெனியில் ஆபீஸ் பாயாகச் சேரவும் அந்தச் சான்று கேட்கிறார்கள். கர்நாடக அரசின் சேவா சிந்து இணையதளத்தில் விண்ணப்பித்தால் அது நம் எல்லை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும்.

அதோடு கம்பெனி கொடுக்கும் படிவத்தையும் கொண்டுவருவார்கள். "உங்கள் மீது வழக்கு ஏதும் உண்டா?" என்ற கட்டம் வந்ததும் சிலருக்குக் குரல் இறங்கிவிடும். "அண்ணா, இல்லைன்னே போட்டுடுங்க." நான் போட மாட்டேன். "கேஸ் எந்த நிலையில இருக்கு? பேப்பர் எடுத்துட்டு வா" என்பேன். வருபவர்களில் பலருக்கு அது தெரியாது. வேலை கைநழுவுவதற்குக் கேஸ் பாதிக் காரணம் என்றால், கேஸின் நிலை தெரியாதது மீதிக் காரணம்.

முதலில் காகிதத்தைப் பாருங்கள்

எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்தவரெல்லாம் குற்றவாளி அல்ல. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் சுமார் 5.73 லட்சம் பேர். அதில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நாலில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. எங்களுக்குப் பக்கத்திலேயே டி.ஜே. ஹள்ளி, கே.ஜி. ஹள்ளியில் 2020 ஆகஸ்ட் 11 இரவு கலவரம் நடந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். யார் குற்றம் செய்தார்கள் என்பதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும். ஆனால் அப்படி ஒரு வழக்கு வருஷக்கணக்கில் வாய்தாவில் நிற்கும்போது, ஜாமீனில் வந்தவரின் வெரிஃபிகேஷனில் "நிலுவையில் உள்ளது" என்ற வரியும் கூடவே நிற்கும்.

விடுதலையானவர் தீர்ப்பின் சர்டிஃபைடு காப்பியைக் கையில் வைத்திருக்க வேண்டும். வக்கீல் வாயால் சொன்னது போதாது. தெருச் சண்டை, அடிதடி போன்ற வழக்குகளில் இரு தரப்பும் கோர்ட்டில் முறைப்படி சமரசமாகியிருந்தால், சட்டத்தின் கண்ணில் அதுவும் விடுதலைதான். இது தெரியாமல் "சமரசம் பண்ணிட்டோம், ஆனா கேஸ் கேஸ்தானே" என்று தலைகுனிந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு நேர் எதிரான இன்னொரு கூட்டம் உண்டு. பாட்டரி டவுனிலிருந்து ஒரு தம்பி வந்தான். டெலிவரி வேலை. மூன்று வருஷத்துக்கு முன் சீட்டாட்டத்தில் பிடிபட்டிருக்கிறான். "ஒத்துக்கோ, ஃபைன் கட்டு, சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஐந்நூறு ரூபாய் கட்டினான். பர்சில் பிளாஸ்டிக் உறைக்குள் அந்த ரசீதை நாலாக மடித்து வைத்திருந்தான். மடிப்பில் எழுத்தே அழிந்துவிட்டது. "கேஸ் முடிஞ்சதுக்கு ப்ரூஃப்ணா இது" என்றான். முடிந்ததுதான், ஆனால் தண்டனையில் முடிந்தது. குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் அது தண்டனைப் பதிவு. எத்தனையோ பேர் ஒரு நாள் கூலியை மிச்சம் பிடிக்க இதைச் செய்துவிட்டு, அப்புறம் வேலையை இழக்கிறார்கள்.

அந்த இடத்தில் கேட்க வேண்டியது 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம். பொருத்தமான வழக்கில், குற்றம் நிரூபணமானாலும் எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ கோர்ட் விடலாம். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையோடு ஒட்டிக்கொள்ளும் தகுதியிழப்பு கிடையாது என்கிறது 12-ஆவது பிரிவு. கேட்டால்தான் கிடைக்கும். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணைக் கூப்பிடலாம்.

பதினெட்டு வயதுக்குள் நடந்ததென்றால் பாதுகாப்பு இன்னும் அதிகம். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி அந்தப் பதிவை அழிக்க வேண்டும். முடிந்துபோன சிறார் வழக்கை நன்னடத்தைச் சான்றுக்காகப் போலீஸ் வெளியே சொல்லக் கூடாது. பெரியவர்களைப் போல் விசாரிக்கப்பட்டுத் தண்டனை பெற்ற பதினாறு வயது தாண்டியவர்களுக்கு மட்டும் பதிவை அழிப்பதில் விலக்கு உண்டு.

மறைக்கலாமா?

2011-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு தீர்ப்புக்கு வந்தது. தில்லி போலீஸில் ஏட்டு வேலைக்கு விண்ணப்பித்த ஓர் இளைஞர், சுமார் இருபது வயதில் சிக்கிய அடிதடி வழக்கை முதல் படிவத்தில் எழுதவில்லை. அந்த வழக்கோ சமரசமாகி விடுதலையில் முடிந்திருந்தது. இள வயதுத் தவறுக்கு ஆயுள் முழுக்க முத்திரை குத்தக் கூடாது என்று நீதிபதிகள் அவர் பக்கம் தீர்ப்பளித்தார்கள். நாவலில் ரொட்டி திருடிய ஜீன் வால்ஜீனைத் தீர்ப்பிலேயே நினைவுகூர்ந்தார்கள். நம் தாத்தா பாட்டிகளுக்கு அவன் 1950-இல் வந்த 'ஏழை படும் பாடு' படத்தின் கதாநாயகன்.

ஆனால் இதை நம்பிப் பொய் எழுதிவிடக் கூடாது. 2016-இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு விதிகளை வரிசைப்படுத்தியது. படிவம் தெளிவாகக் கேட்டதற்கு உண்மையைச் சொல்ல வேண்டும். சின்ன வழக்கு என்றால் மறைத்ததையும் நிர்வாகம் மன்னிக்கலாம். உண்மையைச் சொல்லிவிட்டதாலேயே வேலை கொடுத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இது அரசு வேலைக்கு. தனியார் கம்பெனியில் கேட்க நாதியில்லை. பொய் என்று தெரிந்த அன்றே ஐ.டி. கார்டை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள்.

தெரியாமலும் இருக்காது. வெரிஃபிகேஷன் ஏஜென்சிகள் ஸ்டேஷனோடு நிற்பதில்லை. கோர்ட் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடுகிறார்கள். எங்கள் பேட்டையில் எத்தனை முருகன், எத்தனை இம்ரான், எத்தனை ஜோசப்! அடுத்தவன் கேஸ் நம் தலையில் விழுந்தால், ஏஜென்சியிடம் வழக்கு எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த வழக்கில் இருப்பவரின் தகப்பன் பெயரும் விலாசமும் வேறு என்று காட்ட வேண்டும்.

விடுதலையானவரையும் இணையம் விடுவதில்லை. தமிழ்நாட்டில் விடுதலையான ஒருவருக்கு, இணையத்தில் கிடந்த தீர்ப்பைக் காரணம் காட்டி ஆஸ்திரேலியக் குடியுரிமை மறுக்கப்பட்டது. அவர் பெயரைத் தீர்ப்பிலிருந்து மறைக்க 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது.

அடைத்த கதவும் திறந்த கதவும்

சில வேலைகளைச் சட்டமே அடைத்திருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி, தண்டனை பெற்றவரை செக்யூரிட்டியாக வைக்க முடியாது. வளைகுடா போக நினைப்பவருக்கு வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டுக்கே சிக்கல். ஆனாலும் 1993-ஆம் ஆண்டு அரசாணைப்படி, விசாரிக்கும் கோர்ட்டின் அனுமதி வாங்கி வந்தால் குறுகிய கால பாஸ்போர்ட் உண்டு. இது தெரியாமல் ஏஜெண்டுகளிடம் பணத்தைக் கொட்டுகிறார்கள்.

சிறைக்குள் இருப்பவர்களுக்கு வேலை கொடுக்க நம் அரசுகள் ஓரளவு முயல்கின்றன. சென்னை புழலில் 2023-இல் பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் திறந்தார்கள். வெளியே வந்த பிறகு அதே பெண்ணை எந்த பங்க் முதலாளி கூப்பிடுவார்? பிரிட்டனில் டிம்ப்சன் என்று ஒரு கடைத் தொடர். சாவி வெட்டுவார்கள், செருப்பு தைப்பார்கள். அதன் ஊழியர்களில் சுமார் பத்தில் ஒருவர் சிறைக்குப் போய் வந்தவர். அதை நடத்திய ஜேம்ஸ் டிம்ப்சனையே 2024-இல் சிறைத்துறை அமைச்சராக்கினார்கள். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் 1998 முதல், வேலை உண்டு என்று சொன்ன பிறகுதான் தண்டனைப் பதிவைப் பற்றியே கேட்கலாம்.

எங்கள் பேட்டையில் பிரியாணிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர் இதையெல்லாம் படித்தவர் இல்லை. ஆள் எடுக்கும்போது மூன்றே விஷயம் கேட்பார்: என்ன கேஸ், எப்போ நடந்தது, என் கடை வேலைக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டா? பைக் திருட்டு வழக்கில் இருந்தவனை தேக்சா கழுவவும் வெங்காயம் வெட்டவும் வைத்தார். டெலிவரி வண்டிச் சாவியை ஆறு மாசம் கழித்துத்தான் கொடுத்தார். "கண்ணை மூடிட்டு நம்ப நான் என்ன அவுலியாவா? பார்த்துப் பார்த்துத்தான் நம்புவேன்" என்பார். பெரிய கம்பெனிகளின் படிவத்தில் இந்தப் பொறுமைக்கு இடமில்லை. 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டம்.

பாட்டரி டவுன் தம்பியின் படிவத்தில் 'ஆம்' என்று போட்டு, தேதி, சட்டப் பிரிவு, அபராதத் தொகை எழுதி, கோர்ட் நகலும் பழைய முதலாளியின் கடிதமும் இணைத்தோம். அந்த கம்பெனி எடுக்கவில்லை. அடுத்த கம்பெனி எடுத்தது.

அவனுக்கு அதிர்ஷ்டம். ஆனால் இது அதிர்ஷ்டத்தை நம்பி நடக்க வேண்டிய காரியமில்லை. பிரிட்டனில் 1974-லேயே சட்டம் கொண்டுவந்தார்கள்: தண்டனைக்கு ஏற்ற காலம் தப்பில்லாமல் கழிந்தால் பெரும்பாலான வேலைகளுக்குப் பழைய வழக்கைச் சொல்லத் தேவையில்லை. குழந்தைகளோடு பழகும் வேலை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. பெரியவர்களுக்கு அப்படி ஒரு பொதுச் சட்டம் இந்தியாவில் இன்றுவரை இல்லை. ஒரு குற்றத்துக்கு எத்தனை மாசம் உள்ளே இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறோம். வெளியே வந்தபின் எத்தனை வருஷம் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும் என்பதையும் எழுதி வைத்தால்தான் அந்தத் தண்டனைக்கு ஒரு கணக்கு இருக்கும்.