இணையதள வாடகை: ஆண்டுக் கட்டணமா, மாதக் கட்டணமா?

விளைபொருளை இடைத்தரகரின்றி நேரடியாக நுகர்வோருக்கு விற்கும் வழக்கம் நம் உழவர்களிடையே பரவி வருகிறது. மஞ்சளை அரைத்துப் பொட்டலமிட்டு விற்போர், நாட்டுச் சர்க்கரை காய்ச்சுவோர், மரச்செக்கு எண்ணெய் ஆட்டுவோர், பாரம்பரிய நெல்லை அரிசியாக்கி விற்போர் எனப் பலரும் தங்களுக்கென ஓர் இணையதளம் வைத்துக்கொள்ள முன்வருகின்றனர். இவ்வாறு முன்வரும் உழவர் பெருமக்கள் பெரும்பாலும் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. தளத்திற்கான கட்டணத்தை ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுவது இலாபமா, மாதந்தோறும் கட்டுவது இலாபமா என்பதே அது. தள்ளுபடியை மட்டும் பார்த்தால் ஆண்டுக் கட்டணமே இலாபம் என்று தோன்றும். ஆனால் விடை அவ்வளவு எளிதன்று.

பெயர் வேறு, இடம் வேறு

இணையதளத்திற்கு இரண்டு செலவுகள் உண்டு. முதலாவது தளத்தின் பெயர். இதனை டொமைன் என்பர். இரண்டாவது, தளத்தின் படங்களையும் எழுத்துக்களையும் இரவு பகலாக இயங்கும் ஒரு சர்வர் கணினியில் வைத்திருப்பதற்கான வாடகை. இதனை ஹோஸ்டிங் என்பர். கடையின் பெயர்ப்பலகை ஒன்று, கடை இருக்கும் கட்டடம் மற்றொன்று என்று கொள்ளலாம். கட்டடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொண்டு, அதே பலகையைப் புதிய இடத்தில் மாட்டிக்கொள்ள முடியும். பலகை போய்விட்டால் வாடிக்கையாளர் நம்மைத் தேடி வரும் வழியே அடைபட்டுவிடும்.

பெயரைப் பொறுத்தவரை ஆண்டா, மாதமா என்ற கேள்விக்கே இடமில்லை. அதனைக் குறைந்தது ஓர் ஆண்டிற்குத்தான் பதிவு செய்ய இயலும். அதிக அளவாகப் பத்து ஆண்டுகள் வரை ஒரே தடவையில் பதியலாம். எனவே மாதமா ஆண்டா என்று ஆராய வேண்டியது ஹோஸ்டிங் வாடகையை மட்டுமே. பல நிறுவனங்கள் ஆண்டுத் திட்டத்துடன் முதலாண்டுப் பெயரை இலவசமாகச் சேர்த்துத் தருவதால் இவ்விரண்டும் ஒன்றே என்ற எண்ணம் பலருக்கு ஏற்பட்டுள்ளது. இரண்டையும் தனித்தனியே வாங்குவதே நல்லது என்பது எமது கருத்து. வாடகைக்காரர் சரியில்லை என்றால் பெயரைத் தொடாமல் இடத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா?

எத்தனை மாதத்தில் சமமாகும்?

கணக்கிற்காக மாதக் கட்டணம் 300 ரூபாய் என்றும், ஆண்டுக் கட்டணம் 2400 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக் கட்டணத்தை மாதக் கட்டணத்தால் வகுத்தால் 8 கிடைக்கும். அதாவது, தளத்தை 8 மாதங்களுக்கு மேல் நிச்சயம் வைத்திருப்போம் என்றால் ஆண்டுக் கட்டணம் இலாபம். ஐந்து மாதத்தில் கைவிடக்கூடும் என்றால் மாதக் கட்டணத்தில் 1500 ரூபாயோடு செலவு நின்றுவிடும். எந்த நிறுவனத்தின் விலைப்பட்டியல் கைக்கு வந்தாலும் முதலில் இந்த ஒரு வகுத்தலைச் செய்து பார்க்க வேண்டும்.

ஆனால் விளம்பரத்தில் காணும் ஆண்டுக் கட்டணம் பெரும்பாலும் முதலாண்டிற்கு மட்டுமே உரியது. இரண்டாம் ஆண்டு புதுப்பிக்கும்போது விலை ஏறும். மேற்கண்ட திட்டத்தில் புதுப்பிக்கும் கட்டணம் 3000 ரூபாய் எனில், இரண்டு ஆண்டுகளுக்கு மொத்தம் 5400 ரூபாய், மாதத்திற்கு 225 ரூபாய் ஆகிறது. முதலாண்டில் மாதம் 100 ரூபாய் மிச்சம் என்று தோன்றியது, இரண்டாண்டுகளையும் சேர்த்துப் பார்த்தால் 75 ரூபாய்தான். இரண்டாம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டால் சமமாகும் காலம் 8 மாதத்திலிருந்து 10 மாதமாகிவிடுகிறது. எனவே விலை விசாரிக்கும்போது "புதுப்பிக்கும் விலை என்ன?" என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது அவசியம்.

"மாதம் 99 ரூபாய் மட்டுமே" என்று கொட்டை எழுத்தில் போட்டு, 48 மாதங்களுக்கு முன்பணம் கட்டினால்தான் அந்த விலை என்பதைப் பொடி எழுத்தில் போடும் விளம்பரங்களும் உண்டு. அப்போது கையிலிருந்து போவது 99 ரூபாய் அன்று, 4752 ரூபாய். இதன்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்தால் 5607 ரூபாய் ஆகிறது. நான்கு ஆண்டுகளில் நமது வியாபாரம் என்ன ஆகும், அந்த நிறுவனத்தின் சேவை எப்படி மாறும் என்பதை யாரும் அறுதியிட்டுக் கூற இயலாது. முதன்முறை தளம் வைப்போர் ஓராண்டிற்கு மேற்பட்ட திட்டத்தை எடுக்க வேண்டாம். பெரும்பாலான திட்டங்களில் 30 நாட்களுக்குள் திருப்திப்படாவிட்டால் பணம் திரும்பத் தரப்படும். அதன் பிறகு, மீதி மாதங்களுக்கான பணம் வராது என்றே கொள்ள வேண்டும்.

கடன் வாங்கிக் கட்டலாமா?

கையில் பணமில்லாத மாதத்தில் தள்ளுபடிக்காகக் கடன் வாங்கி ஆண்டுக் கட்டணம் கட்டுவோரும் உளர். நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு 2400 ரூபாய் வாங்கி, மாத வாடகையாகக் கட்டியிருக்க வேண்டிய 300 ரூபாயைக் கொண்டு முதல் மாதத்திலிருந்தே அக்கடனை அடைத்து வந்தால் ஒன்பதாவது தவணையில் கடன் தீர்ந்துவிடும். மீதி மூன்று மாதம் இலாபம். இங்கே தள்ளுபடி பெரிது.

மாதக் கட்டணம் 220 ரூபாயும் ஆண்டுக் கட்டணம் 2400 ரூபாயுமாக உள்ள திட்டத்தில் கதை வேறு. இதில் ஆண்டுக்குத் தள்ளுபடி 240 ரூபாய்தான். அதே இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கி மாதம் 220 ரூபாயாக அடைத்தால், பன்னிரண்டு தவணை கட்டிய பிறகும் சுமார் 33 ரூபாய் கடன் மிஞ்சி நிற்கும். வட்டியே 273 ரூபாயாகித் தள்ளுபடியை விழுங்கிவிடுகிறது. உர மூட்டை வாங்க வேண்டிய பணத்தை இதில் போட்டு, உரத்தைக் கடையில் கடனுக்கு எடுப்பதும் இதே கணக்கில்தான் சேரும். தொகை சிறியது என்று அலட்சியம் செய்யலாகாது.

பருவமும் கட்டணத் தேதியும்

மாதச் சம்பளக்காரருக்குப் பணம் மாதந்தோறும் வருகிறது. உழவருக்கு அறுவடையின்போது வருகிறது. ஆண்டுக் கட்டணத்தின் தேதி, பணம் கையில் இருக்கும் மாதத்தில் விழ வேண்டும் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. வைகாசி, ஆனியில் மஞ்சள் நட்டு, விதைக்கிழங்கிற்கும் அடியுரத்திற்கும் ஆட்கூலிக்கும் செலவழித்துக் கொண்டிருக்கும் நேரத்தில் 3000 ரூபாய் புதுப்பிக்கும் கட்டணம் வந்து நின்றால் அதனைத் தள்ளிப்போடத்தான் தோன்றும். தள்ளிப்போட்டால் தளம் நின்றுவிடும்.

இதற்கு எளிய வழி உண்டு. மஞ்சள் அறுவடைக்கு முன்பாக, கார்த்திகை மாதத்தில் தளத்தை மாதக் கட்டணத்தில் தொடங்கலாம். தை, மாசியில் அறுவடை செய்து, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றி விற்ற பணம் பங்குனியில் கைக்கு வரும்போது ஆண்டுக் கட்டணத்திற்கு மாறிக்கொள்ளலாம். பிறகு ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்கும் தேதி பங்குனியிலேயே வரும். கார்த்திகை முதல் மாசி வரையிலான நான்கு மாதங்களுக்கு, ஆண்டுத் திட்டத்தைவிட மாதம் 100 ரூபாய் வீதம் 400 ரூபாய் கூடுதலாகச் செலவாகும். புதிய இரகத்தை முதலில் பத்து சென்டில் நட்டுப் பார்க்கிறோமே, அதற்கு ஒப்பான செலவு இது. அதற்குள் தளம் திறக்க நேரமாகிறதா, அடிக்கடி நின்றுபோகிறதா, தொலைபேசியில் கூப்பிட்டால் பதில் சொல்கிறார்களா, எல்லாவற்றுக்கும் மேலாக ஆர்டர் வருகிறதா என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஒன்றைமட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். முதன்முறைச் சலுகை விலை, மாதத்திலிருந்து ஆண்டிற்கு மாறுவோருக்கும் உண்டா என்பதே அது. சில நிறுவனங்கள் கொடுப்பதில்லை. மாதத் திட்டத்திற்குத் தொடக்கக் கட்டணம் என்று தனியே ஒரு தொகை வாங்குவோரும் உண்டு.

மாம்பழம் போன்று மூன்று, நான்கு மாதங்களே விற்பனை நடக்கும் பொருட்களுக்கு, பருவத்தில் மட்டும் மாதக் கட்டணம் கட்டிவிட்டு மற்ற மாதங்களில் நிறுத்திவிடலாமே என்று தோன்றும். நிறுத்தினால் சில நாட்களில் தளம் முடக்கப்பட்டு, பிறகு சர்வரிலிருந்தே அழிக்கப்படும். அடுத்த சித்திரையில் மீண்டும் முதலிலிருந்து அமைக்க வேண்டும். உண்மையில், பழத்தின் படமும் விலையும் கைப்பேசி எண்ணும் மட்டுமே போட விரும்புவோருக்கு ஹோஸ்டிங்கே தேவையில்லை. பெயரை மட்டும் பதிவு செய்து, அதனைத் தட்டினால் நமது வாட்ஸ்அப் எண்ணிற்குச் செல்லுமாறு திருப்பிவிடலாம். பெயர் விற்கும் நிறுவனங்கள் பலவற்றில் இவ்வசதி இலவசமாகவே உள்ளது.

பெயர் கைமாறினால்

கட்டணத்தில் நூறு, இருநூறு மிச்சம் பிடிப்பதைவிட முக்கியமானது தளத்தின் பெயர் நம் கையில் இருப்பது. தளம் அமைத்துத் தரும் இளைஞர் வேலை எளிதாக முடியட்டும் என்று தமது பெயரிலும் தமது மின்னஞ்சலிலும் பதிவு செய்துவிடுவது வழக்கம். அவர் வேறு ஊருக்கோ வேறு வேலைக்கோ போய்விட்டால், காலாவதி அறிவிப்பு நமக்கு வராது. பத்தாயிரம் பொட்டலத்தில் அச்சிட்ட முகவரி ஒருநாள் வேறொருவருக்குப் போய்விடும். காலாவதியான பெயர்களை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுவதற்கென்றே ஆட்கள் இருக்கின்றனர். நமது மஞ்சள் தூள் உறையைப் பார்த்துத் தளத்தைத் திறக்கும் வாடிக்கையாளர் அங்கே எதைக் காண்பார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

.காம் என்று முடியும் பெயருக்குக் காலாவதியானவுடன் 45 நாட்கள் வரை பதிவாளர் சலுகைக் காலம் தரலாம். எத்தனை நாள் என்பது பதிவாளருக்குப் பதிவாளர் மாறுபடும். பெயர் நீக்கப்பட்ட பிறகு 30 நாட்களுக்குள் தனி அபராதம் கட்டி மீட்கலாம். அதற்குப் பின் 5 நாட்கள் கழித்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். எனவே, ஹோஸ்டிங்கை மாதக் கட்டணத்தில் சோதித்துப் பார்ப்பவரும்கூட பெயரை மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குச் சேர்த்துப் பதிவது நல்லது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாக இருப்பின் நிறுவனத்தின் பெயரிலேயே பதிய வேண்டும். ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவர்கள் தங்கள் எண்ணைக் கொடுத்து விலைச்சீட்டு வாங்கினால், கட்டிய வரியை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ள வாய்ப்புண்டு. பதிவு இல்லாதவருக்கு அந்த 18 விழுக்காடும் செலவே.

தானே பிடித்துக்கொள்ளும் கட்டணம்

வங்கி அட்டையைப் பதிந்துவிட்டால் மாதந்தோறும் பணம் தானே பிடிக்கப்படும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. இந்திய ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2021 அக்டோபர் 1 முதல், இவ்வாறு தானாகப் பிடிப்பதற்கு வாடிக்கையாளர் ஒருமுறை ஓ.டி.பி. போன்ற முறையில் ஒப்புதல் தந்து பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை பிடிப்பதற்கும் 24 மணி நேரத்திற்கு முன்பே அறிவிப்பு வர வேண்டும். ஒப்புதல் தந்த பின் மறுபடியும் ஓ.டி.பி. கேட்காமல் பிடிக்கக்கூடிய தொகையின் வரம்பு 2022 ஜூனில் 5,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வெளிநாட்டு நிறுவனங்கள் சிலவற்றின் ஏற்பாடு இம்முறைக்குப் பொருந்தாமல் கட்டணம் தவறிப்போவதுண்டு. டாலரில் விலை சொல்லும் நிறுவனமாயின் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். டாலர் ஏறினால் வாடகையும் ஏறும். மாதக் கட்டணத்தில் ஆண்டிற்குப் பன்னிரண்டு முறை தவறிப்போக வாய்ப்புண்டு, ஆண்டுக் கட்டணத்தில் ஒருமுறைதான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டும் வேலையை நினைவாகச் செய்ய வீட்டில் ஆளில்லாதவர் ஆண்டுக் கட்டணத்தையே எடுக்கலாம்.

எந்த முறையில் கட்டினாலும், பெயர் முடியும் தேதி, ஹோஸ்டிங் முடியும் தேதி, புதுப்பிக்கும் விலை, பதிவு செய்த மின்னஞ்சல், கைப்பேசி எண் ஆகியவற்றை வரவு செலவு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். மாதம் ஒருமுறை தளத்தின் முழு நகலை இறக்கி ஒரு பென்டிரைவில் வைத்துக்கொண்டால், வாடகைக்காரரை மாற்ற நேரும்போது ஒரே நாளில் தளத்தை வேறிடத்தில் ஏற்றிவிடலாம்.