வீட்டுக்கு முன்பணம் கொடுக்குமுன் வங்கியைக் கேளுங்கள்



மண்டிக்குச் சரக்கெடுக்கப் போகிறவர், கையில் ரொக்கம் எவ்வளவு, கடனுக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தெரிந்துகொண்டுதான் விலை பேசுகிறார். அதே வணிகர் வீடு வாங்கும்போது மட்டும் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பிறகு வங்கிப் படியை மிதிக்கிறார்.

எங்கள் கடைவீதியில் மளிகைக்கடை நடத்தும் நண்பர் ஒருவர் ஐம்பது லட்சத்துக்கு வீடு பேசினார். ஐந்து லட்சம் முன்பணம், மூன்று மாதக் கெடு. கையிருப்பு போக முப்பத்தைந்து லட்சம் வங்கி தரும் என்று நம்பினார். வங்கி அவருடைய வருமான வரிக் கணக்கை எடுத்துப் பார்த்தது. அறுபது லட்சம் விற்றுமுதலுக்கு எட்டு விழுக்காடு லாபம் என்று காட்டியிருந்தார். ஆண்டுக்கு 4,80,000, மாதம் நாற்பதாயிரம். அதில் பாதியைத்தான் தவணைக்கு ஒதுக்கலாம் என்றது வங்கி. வேன் கடன் தவணை எட்டாயிரம் கழிந்தது. மீதி பன்னிரண்டாயிரம். அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியதால் 15 ஆண்டுக் கெடுதான் கிடைத்தது. எட்டரை விழுக்காடு வட்டிக்கு லட்சத்துக்கு மாதம் சுமார் 985 ரூபாய். கணக்குப் போட்டால் பன்னிரண்டு லட்சம்தான் தேறியது. கெடுவும் முடிந்தது. பெரியவர்கள் பேசி இரண்டு லட்சம் திரும்பி வந்தது. மூன்று லட்சம் போனது போனதுதான்.

உண்மையான வருமானம் அதற்கு மேல் இருக்கலாம். ஆனால் வங்கியின் கண்ணுக்குத் தாளில் உள்ளதுதான் வருமானம். வரியில் மிச்சம் பிடித்த பணத்தைக் கடன் கேட்கும் நாளில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே வீடு தேடுமுன் வங்கியில் முன் அனுமதிக் கடிதம் வாங்கிவிடுங்கள். மூன்றாண்டு வருமான வரிக் கணக்கு, ஜி.எஸ்.டி. கணக்கு, நடப்புக் கணக்கின் வரவு செலவு, கடை உரிமம் ஆகியவற்றைப் பெரும்பாலும் கேட்பார்கள். உங்களால் எவ்வளவு கடன் தாங்க முடியும் என்று அவர்கள் எழுதித் தருவார்கள். பொதுவாகச் சில மாதங்களுக்கு அது செல்லும். கையில் கடிதம் இருக்கிறது என்று தெரிந்தால் வீடு விற்பவரும் பேரத்தில் சற்று இறங்கி வருவார். பணம் நிச்சயம் வரும் என்ற தைரியம் அவருக்கு. கைப்பேசியில் கூப்பிட்டு 'உங்களுக்குக் கடன் தயார்' என்பவர்களின் பேச்சு இந்தக் கடிதம் ஆகாது.

சிபில் மதிப்பெண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். 300 முதல் 900 வரை போகும். முழு அறிக்கையை ஆண்டுக்கு ஒருமுறை இலவசமாகத் தர வேண்டும் என்ற ரிசர்வ் வங்கி விதி 2017 முதல் உள்ளது. யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அவர் கட்டாமல் விட்ட கடனும் அதில் வந்து நிற்கும். ஒரே நேரத்தில் பல வங்கிகளில் மனுப் போட்டாலும் மதிப்பெண் இறங்கும்.

கைப்பணக் கணக்கில் இன்னொன்றையும் சேருங்கள். முப்பது லட்சத்துக்கு மேல் எழுபத்தைந்து லட்சம் வரையுள்ள கடன் என்றால், வீட்டு மதிப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் வங்கி தரக்கூடாது. முத்திரைத்தாள், பதிவுச் செலவுகளை அந்த மதிப்பில் சேர்ப்பதில்லை. தமிழ்நாட்டில் 2023 ஏப்ரல் முதல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. ஐம்பது லட்சத்துக்கு நாலரை லட்சம். அதைக் கையிலிருந்துதான் போட வேண்டும்.

முன் அனுமதி என்பது உங்கள் வருமானத்தைப் பார்த்துத் தருவதுதான். வீட்டின் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மனை அங்கீகாரம் ஆகியவற்றை வங்கி வழக்கறிஞர் பிறகுதான் பார்ப்பார். அங்கே தடை வரலாம். அதனால் ஒப்பந்தத்தில் 'பத்திரக் குறையால் வங்கி கடன் மறுத்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்' என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் அவசரப்பட வேண்டாம். முன்பணத்தையும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். நிலம், வீட்டு விற்பனைக்கு இருபதாயிரமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது என்ற வருமான வரிச் சட்ட விதி 2015 ஜூனில் நடப்புக்கு வந்தது. காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுத்தால், நாளைக்குத் திருப்பிக் கேட்கவும் கையில் சாட்சி இருக்கும்.