குறுக்கே ஆடு வந்தால் பிரேக்கா, ஹேண்டில்பாரா?

(மூன்றாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)

நம்ம காலேஜில் பைக் ஓட்டத் தெரியாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். லைசென்ஸ் வைத்திருப்பவர்களையும் விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பது வேறு விஷயம்! ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டதும், எல்லாரும் காதல் கவிதை எழுதுகிறார்களே, நாம் கொஞ்சம் பிரேக் பற்றி எழுதுவோமே என்று தோன்றியது.

இதை எழுத எனக்கு ஒரு தகுதி உண்டு. எங்க வீட்டில் ஆடு மேய்ப்பதுதான் தொழில். தாத்தா மேய்த்தார், அய்யா இன்றைக்கும் மேய்க்கிறார். புத்தகம் தூக்கிய முதல் ஆள் நான்தான். அறுப்பு முடிந்த காட்டில் கிடை போடுவதற்காக கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது நாலு வழிச் சாலையைக் கடந்தே ஆகவேண்டும். என்.எச். 44 என்று இப்போது பெயர், முன்பு என்.எச். 7. ஆகவே வண்டியின் பக்கமும் எனக்குத் தெரியும், ஆட்டின் பக்கமும் தெரியும். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான் சங்கதியே.

முதலில் கணக்கு. பயப்படாதீர்கள், அப்ளைடு மெக்கானிக்ஸ் அரியர் வைத்தவர்களுக்கும் புரியும்.

ஆடு கண்ணில் பட்டவுடன் வண்டி நின்றுவிடாது. கண் பார்த்து, மூளை முடிவு செய்து, கால் பிரேக்கைத் தொடுவதற்கு நல்ல கவனத்தில் இருப்பவனுக்கே சுமார் ஒரு செகண்ட் ஆகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் அந்த ஒரு செகண்டுக்குள் வண்டி 17 மீட்டர் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகு, காய்ந்த தார் ரோடு, நல்ல டயர் என்று வைத்துக்கொண்டால் (உராய்வுக் கெழு 0.7) இன்னும் 20 மீட்டர். ஆக மொத்தம் 37 மீட்டர். அதுவே 40 கி.மீ. என்றால் 11-ம் 9-ம் சேர்த்து 20 மீட்டர்தான். 80 கி.மீ. என்றால் 22-ம் 36-ம் சேர்த்து 58 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் தூரம் நான்கு மடங்காகிறது பாருங்கள். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று நாம் படித்து எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்துபோனது இதுதான்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இரண்டு பைக் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன, ஒன்று 60-ல், மற்றது 80-ல். 37 மீட்டர் முன்னால் ஒரு மாடு. இருவரும் ஒரே நேரத்தில் பார்த்து ஒரே மாதிரி பிரேக் பிடிக்கிறார்கள். 60-ல் வந்தவன் மாட்டின் மூக்கு நுனியில் நிற்கிறான். 80-ல் வந்தவன் 22 மீட்டரை யோசிப்பதிலேயே செலவழித்துவிட்டான். அவனுக்குப் பிரேக் பிடிக்கக் கிடைத்தது 15 மீட்டர்தான். அவன் என்ன வேகத்தில் மாட்டின் மேல் மோதுவான், சொல்லுங்கள்? பத்து, இருபது என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டால் சுமார் 60 கி.மீ. வருகிறது! அதாவது முதல் ஆள் ஓட்டிவந்த முழு வேகம். நம்பாதவர்கள் கால்குலேட்டரை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.

மழை பெய்து ரோடு நனைந்திருந்தால் உராய்வுக் கெழு 0.4 என்று வையுங்கள். 80 கி.மீ. வேகத்தில் நிற்க 85 மீட்டர் வேண்டும். ராத்திரியில் டிம் லைட்டில் நமக்குத் தெளிவாகத் தெரிவது சுமார் 40, 50 மீட்டர். மீதி தூரத்தை யார் பார்க்கிறார்கள்? யாரும் பார்ப்பதில்லை. அங்கே மாடு இல்லாததால் நாம் வீடு வந்து சேருகிறோம், அவ்வளவுதான்.

சரி, பிரேக் பிடிப்பதா, ஒடிப்பதா? நம் கை தானாகச் செய்வது ஒடிப்பதுதான். அதுதான் பெரும்பாலும் ஆபத்து. ஒடித்தால் எதிரே வருகிற லாரி, புளியமரம், சென்டர் மீடியன், ரோட்டோர வாய்க்கால் இவற்றில் ஒன்று கிடைக்கும். நாயைத் தப்பவிட்டு மரத்தில் மோதியவர்கள் கதை எல்லா ஊரிலும் உண்டு. பஸ், லோடு லாரிக்கு இன்னும் மோசம். கனமும் உயரமும் அதிகம், திடீரென்று ஒடித்தால் சாய்ந்துவிடும். உள்ளே ஐம்பது பேர் இருப்பார்கள். ஆகவே நேராகப் பிடித்து, பிரேக்கை முழுதாகப் போட்டு, வேகத்தை முடிந்தவரை குறைப்பதுதான் முதல் வேலை. நின்றுவிட்டால் நல்லது. நிற்காவிட்டாலும் குறைந்த வேகத்தில் மோதுவது மேல். கேட்க மனசு சங்கடமாகத்தான் இருக்கிறது. எனக்கு ஆட்டின் மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் வண்டியில் இருக்கிற மனுஷனை முதலில் காப்பாற்ற வேண்டும்.

பைக்கில் பின் பிரேக்கை மட்டும் மிதிக்கிற பழக்கம் நம்மில் பல பேருக்கு இருக்கிறது. பிரேக் பிடித்ததும் வண்டியின் பாரம் முன் சக்கரத்துக்கு மாறுகிறது, பின் சக்கரம் லேசாகிவிடுகிறது. லேசான சக்கரத்தை மிதித்தால் அது லாக் ஆகி இழுத்துக்கொண்டு போகும், வண்டி நிற்காது. இரண்டையும் சேர்த்து, முன் பிரேக்கைப் படிப்படியாக இறுக்கிப் பிடிக்க வேண்டும். 2019 ஏப்ரல் முதல் நம் நாட்டில் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயம். சிறிய வண்டிகளுக்கு இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கிற சி.பி.எஸ். வந்துவிட்டது. ஆனால் நாம் ஓட்டுவது மாமாவும் சித்தப்பாவும் ஓட்டி முடித்துக் கொடுத்த பழைய வண்டி ஆயிற்றே! சக்கரம் லாக் ஆனால் ஹேண்டில்பார் பேச்சைக் கேட்காது. லேசாகப் பிரேக்கை விட்டுத் திரும்பப் பிடிக்க வேண்டியதுதான்.

பின்னால் வருகிறவனையும் மறக்கக் கூடாது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு விபத்து வழக்கில், நெடுஞ்சாலையில் பின்னால் வருபவர்களுக்குச் சைகை காட்டாமல் திடீரென்று நிறுத்துவது கவனக்குறைவுதான் என்று சொல்லி, நிறுத்திய கார் மேல் 50 சதவீதப் பொறுப்பை வைத்தது. போதிய இடைவெளி விடாமல் பின்னால் வந்த பைக் மேலும் 20 சதவீதம் வைத்தது. அந்த வழக்கில் ஆடு மாடு எதுவும் இல்லை. ஆனாலும் தூரத்தில் மந்தை தெரிந்த உடனேயே ஆக்ஸிலேட்டரை விட்டு, பிரேக் லைட்டைக் காட்டி, இடது கையைத் தாழ்த்திக் காட்டிக்கொண்டே வந்தால் பின்னால் வருகிற பஸ்காரனுக்கும் விஷயம் புரியும்.

இனி ஆட்டின் பக்கத்துக்கு வருவோம்.

செம்மறி ஆடு முன்னால் போகிற ஆட்டின் வாலைப் பார்த்துத்தான் நடக்கும். பாதி மந்தை ரோட்டைக் கடந்துவிட்டது, நடுவில் கொஞ்சம் இடைவெளி கிடைத்தது என்று நீங்கள் புகுந்தால், இந்தப் பக்கம் நிற்கிற பாதி அந்தப் பாதியோடு சேர ஓடி வரும். உங்கள் சக்கரத்துக்குள்தான் ஓடி வரும். கார்க்காரர்கள் 'கிறுக்கு ஆடு' என்று திட்டுவார்கள். ஆடு கிறுக்கு இல்லை, கூட்டத்தை விட்டுப் பிரிந்தால் நரி பிடிக்கும் என்று அதன் ரத்தத்தில் எழுதியிருக்கிறது. வெள்ளாடு வேறு ரகம். அது தனக்குத் தோன்றிய பக்கம் துள்ளும். குட்டி நின்றுவிட்டால் கடந்துபோன தாய் திரும்பி வரும். பசுவும் கன்றும் அப்படியே. ரோட்டின் ஒரு ஓரத்தில் பசு, மறு ஓரத்தில் கன்று நிற்பதைப் பார்த்தால் இரண்டில் ஒன்று கட்டாயம் கடக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் வந்து ஹார்ன் அடிப்பது வீண். தூரத்தில் ஒரு முறை அடித்தால் மேய்க்கிறவர் காதில் விழும், அவர் கம்பை நீட்டி மறித்துக்கொள்வார். பத்தடி தூரத்தில் காதைக் கிழித்தால் செம்மறி விலகாது, மிரண்டு நடு ரோட்டில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். மேய்க்கிறவர் கையைக் காட்டினால் நின்றுவிடுங்கள். மந்தை கடக்க இரண்டு, மூன்று நிமிஷம் ஆகும். டீக்கடையில் நாம் இதைவிட அதிக நேரம் நிற்கிறோம். தனியாக ஒரு மாடு கடந்தால், நன்றாக வேகத்தைக் குறைத்து, அதன் வால் பக்கமாகப் போகவேண்டும். மாட்டுக்குப் பின்னால் நடப்பது பழக்கமில்லை. தலைப்பக்கம் போனால் நீங்களும் அதுவும் ஒரே இடத்துக்குப் போகிறீர்கள்.

நாலு வழிச் சாலையில் இன்னொரு தொல்லை சென்டர் மீடியனில் இருக்கிற அரளிச் செடி. ஆடு மாடு கடிக்காது, எதிர் வண்டி வெளிச்சத்தையும் மறைக்கும், நல்லதுதான். ஆனால் அதற்குப் பின்னால் நிற்கிற மாட்டையும் மறைத்துவிடும். மழைக்காலத்தில் காடெல்லாம் சேறாகக் கிடக்கும்போது மாடு ரோட்டிலேயே வந்து படுக்கும். தார் ரோடு காய்ந்து, வெதுவெதுப்பாக இருக்கும், ஈத்தொல்லையும் குறைவு. படுத்த மாட்டை ராத்திரியில் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம். மாடு, மான், நாய், பூனை இவற்றின் கண்ணுக்குள்ளே வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கிறது. இருட்டில் இரண்டு பொட்டு மாதிரி மின்னுவது அதுதான். அதைப் பார்த்ததும் காலை எடுத்துவிடலாம். ஆனால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிப் படுத்த எருமைக்கு மின்ன எதுவும் இல்லை. பன்றிக்கு அந்தப் படலமே கிடையாது. ஆகவே கண் மின்னவில்லை என்றால் எதுவும் இல்லை என்று அர்த்தமில்லை. எதிரே வண்டி இல்லாத இடத்தில் பிரைட் போட்டுப் போங்கள், உருவம் தெரிந்ததும் டிம் செய்யுங்கள். பிரைட் வெளிச்சத்தில் மானுக்கும் மாட்டுக்கும் கண் கூசி அப்படியே நின்றுவிடும்.

காரில் போகிறவர்களுக்கு ஒன்று. மாட்டின் காலில் பம்பர் பட்டால், உடம்பு பானெட் மேல் உருண்டு முன் கண்ணாடிக்கு வரும். முந்நூறு கிலோ எடை. பின் சீட்டாக இருந்தாலும் பெல்ட் போடுங்கள் என்று சொல்வது சும்மா இல்லை.

நாய் துரத்துவது நம் விடுதி வாசலிலேயே தினசரி நடக்கிற நிகழ்ச்சி! நாய் உங்கள் வேகத்தைக் கணித்து, நீங்கள் வரப்போகிற இடத்துக்குக் குறுக்கே ஓடிவரும். கொஞ்சம் வேகத்தைக் குறைத்துவிட்டு, அது நெருங்கும்போது முறுக்கினால் அதன் கணக்குத் தப்பிவிடும். காலைத் தூக்கி உதைக்கப் போகாதீர்கள், பேலன்ஸ் போய்விடும். மயிலும் எங்க பக்கம் நிறைய. அது குருவி மாதிரி சட்டென்று எழும்பாது, தாழ்வாக, மெதுவாகக் கிளம்பி, சரியாக ஹெல்மெட் உயரத்தில் ரோட்டைக் கடக்கும்.

காட்டு ரோடு என்றால் கதையே வேறு. பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறுகிற 27 கொண்டை ஊசி வளைவுப் பாதையில் 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. முதுமலை தாண்டினால் கர்நாடகத்தின் பந்திப்பூரில் 2009-லிருந்தே இரவு 9 முதல் காலை 6 வரை தடை என்ற பேச்சு ஆரம்பித்து, 2010-ல் அந்த மாநில உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ராத்திரியில் வண்டியில் அடிபட்டுச் செத்த மிருகங்கள்தான் காரணம். யானை நின்றால் தூரத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஹார்ன் கூடாது, லைட்டை அடித்து அடித்துக் காட்டக் கூடாது, இறங்கி செல்ஃபி எடுப்பது கூடவே கூடாது. என்ஜினை அணைக்காமல், பின்னால் போக இடம் வைத்துக் காத்திருங்கள். ஆசனூர், காரப்பள்ளம் பக்கம் யானைகள் கரும்பு லாரியை மறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது யானையின் குறும்பு என்று சிரிக்கிறோம். லோடு உயரத்தைக் குறைக்க லாரிக்காரர்கள் செக்போஸ்ட் பக்கம் கரும்பை வீசிப் பழக்கியதில் வந்த வினை அது. மலைப்பாதைக் குரங்குகளும் நாம் வீசுகிற வாழைப்பழத்துக்காகத்தான் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

கடைசியாக, அடிபட்டுவிட்டால்? முதலில் வண்டியை ஓரம் கட்டி, இண்டிகேட்டரைப் போடுங்கள். நடு ரோட்டில் கிடக்கும் ஆட்டைப் பார்க்காமல் அடுத்த பைக் அதன் மேல் ஏறி விழும். நெடுஞ்சாலை என்றால் 1033-க்குப் போன் செய்யலாம். உயிர் இருந்தால் 1962-ல் கால்நடை மருத்துவ வண்டி வரும். வலியில் இருக்கிற மாடு முட்டும், நாய் கடிக்கும், திடீரென்று கிட்டே போகாதீர்கள்.

நிறைய பேர் நிற்காமல் போய்விடுகிறார்கள். ஊரார் அடிப்பார்கள் என்ற பயம். பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, கூட்டம் கூடிவிட்டால் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லலாம். ஆனால் சொல்லாமல் போனால் என்ன ஆகிறது என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் ஒரு வேன் எங்க மந்தையில் புகுந்து, ஏழு ஆடுகளைச் சாய்த்துவிட்டு நிற்காமல் போனது. அதில் நாலு சினை ஆடுகள். என் முதல் வருஷ ஃபீஸுக்கு என்று அய்யா ஒதுக்கி வைத்தவை அவை. அப்புறம் வட்டிக்கு வாங்கித்தான் சேர்த்தார்.

காதில் தோடு மாட்டிய ஆடு, மாடு என்றால் இன்சூரன்ஸ் செய்ததாக இருக்கலாம். அந்தத் தோடும் கால்நடை மருத்துவர் கொடுக்கும் சான்றிதழும் இருந்தால்தான் சொந்தக்காரருக்குப் பணம் கிடைக்கும். ஆகவே தோட்டைக் கழற்றாமல், நடந்த இடம், நேரம் இரண்டையும் பக்கத்து ஊரில் யாரிடமாவது சொல்லிவிட்டுப் போனாலே அந்த வீட்டுக்குப் பெரிய உதவி.

எங்க பங்குக்கு நாங்களும் சும்மா இல்லை. இந்த வருஷம் ஒர்க்‌ஷாப்பில் மிச்சமான ரேடியம் ஸ்டிக்கர் துண்டுகளை சாரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய் அய்யாவின் கம்பில் சுற்றினேன், முன்னால் போகும் கிடாவின் கழுத்துப் பட்டையிலும் ஒட்டினேன். கம்பு நன்றாக மின்னுகிறது. கிடா மட்டும் பட்டையை வேலியில் தேய்த்துத் தேய்த்து இரண்டு முறை உரித்துவிட்டது. மூன்றாவது முறை ரிவெட் அடித்திருக்கிறேன்.