புகையோடு போகாத பணம்

தேர்வாய் கண்டிகை சிப்காட் வாசல். தொழிலாளி ஒருவர் சிகரெட் வாங்குகிறார். புகை காற்றில் போய்விடும். அதற்குக் கொடுத்த வரி எங்கே போகும்?

ஒரு காலத்தில் புகையிலைக்கு மாநிலங்களே விற்பனை வரி போட்டன. 1957-ல் மத்திய அரசு சட்டம் கொண்டு வந்தது. சர்க்கரை, புகையிலை, ஆலைத் துணி ஆகிய மூன்றுக்கும் விற்பனை வரிக்குப் பதில் கூடுதல் கலால் வரி! வசூல் மத்திய அரசுக்கு, பணம் மாநிலங்களுக்கு. பழைய வருமானம் குறையாது என்ற உறுதியும் உண்டு.

2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. அதில் பாதி, பொருள் விற்பனையாகும் மாநிலத்துக்கே! மத்திய அரசு பங்கிடும் வரிகளின் கணக்கு வேறு. 2021-26 காலத்துக்கு 15-வது நிதிக்குழு வகுத்தபடி, 100 ரூபாயில் மாநிலங்களுக்கு 41 ரூபாய் கிடைத்தது. அதில் தமிழ்நாட்டுக்குக் கிடைத்தது சுமார் 1 ரூபாய் 67 காசு.

ஆனால், பெயர் மாறினால் பங்கும் போய்விடும்! "செஸ்" என்று பெயரிட்டு வசூலித்தால், அது இந்தப் பங்கீட்டில் சேராது. 2001-ல் புகையிலைப் பொருள்கள் மீது போடப்பட்ட பேரிடர் நிவாரண வரியும் அப்படியே.

பங்குப் பணம் வந்தால் பள்ளிக்கூடம், சாலை, ஆஸ்பத்திரி. புகைத்தவருக்கு நோய் வந்தால், ஏழைக்குக் கதி சர்க்கார் ஆஸ்பத்திரிதான். அதை நடத்துவது மாநில அரசு.

செலவு இங்கே! வரவும் இங்கே வரவேண்டாமா?